வாஷர் கணக்கில் வராது

திருச்செங்கோட்டில் பிறந்துவிட்டு டீசல் இன்ஜினைப் பற்றி ஒன்றும் தெரியாமல் வளர முடியாது. மலைமேல் அர்த்தநாரீஸ்வரர் என்றால் அடிவாரத்தில் ரிக் வண்டிகள். போர் போட எங்கள் ஊர் வண்டிகள் மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், மகாராஷ்டிரம் என்று போகும். அங்கே மழை பிடித்துவிட்டால் ஊர் திரும்பிப் பட்டறைகளில் வரிசைகட்டி நிற்கும். அப்பாவுக்கு ஒரு வண்டியில் பங்கு இருந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் பேசுவதெல்லாம் நாசில், பம்ப், லைனர், ஹெட் கேஸ்கட். கிலோமீட்டர் கணக்கு அந்தப் பேச்சில் வராது. கம்ப்ரசரை ஓட்டும் இன்ஜின் நின்ற இடத்திலேயே பகலும் இரவும் ஓடும் என்பதால் மணி மீட்டரைப் பார்த்துத்தான் ஆயில் மாற்றுவார்கள். மீட்டர் எத்தனை மணி காட்டும்போது எந்த ஆயில் ஊற்றினோம் என்பதை அப்பா ஒரு நீள நோட்டில் எழுதிவைப்பார். பாங்கு பாஸ்புக்கைவிட அந்த நோட்டுக்கு வீட்டில் மரியாதை அதிகம்.

அதனால் 2017இல் நானும் என் வீட்டுக்காரரும் கார் வாங்கக் கிளம்பியபோது பெட்ரோலா டீசலா என்ற பேச்சே எழவில்லை. 2014 அக்டோபரில் டீசல் மீதான விலைக் கட்டுப்பாட்டை மத்திய அரசு எடுத்துவிட்டது; இரண்டுக்கும் இடையே பழைய அளவுக்கு விலை வித்தியாசமும் அப்போது இல்லை. ஆனாலும் ரிக்காரர் வீட்டு வாசலில் பெட்ரோல் கார் நிற்பதா? அப்பாவுக்கு அது கௌரவப் பிரச்சினை. எங்களுக்கும் தங்கை வீடு பெங்களூரில் இருந்ததால் ஓட்டம் அதிகம்.

ஷோரூமில் சாவி கொடுப்பதற்கு முன்னால் ஒரு மேசையில் உட்கார வைத்தார்கள். கம்பெனி வாரண்டி இரண்டு வருடம். இன்னும் 21,000 ரூபாய் கட்டினால் மேலும் இரண்டு வருடம், ஒரு லட்சம் கிலோமீட்டர் வரை. "இன்ஜின், டர்போ, கியர்பாக்ஸ் எல்லாமே கவர் ஆயிருங்க சார். நீங்க டீசல் போட்டு ஓட்டுனா மட்டும் போதும்" என்றார் அந்தப் பையன். பணம் என் சம்பளத்திலிருந்து போனது, வண்டி என் பேரில் பதிவானது, கேள்வி கேட்டவளும் நான்தான். பதில் மட்டும் என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொல்லப்பட்டது. கையில் கிடைத்தது கம்பெனி முத்திரை போட்ட ஒரு பக்கச் சான்றிதழ். விதிகள் அடங்கிய புத்தகம் தபாலில் வரும் என்றார்கள். வரவில்லை.

2019 ஜனவரி, பொங்கலுக்கு முந்தைய குளிர். காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்தால் முதல் சில நிமிடம் பானெட்டுக்குள் இருந்து "சக் சக்" என்று காற்று துப்புகிற சத்தம். சூடேறினால் நின்றுவிடும். ஏசி போட்டால் உள்ளே லேசான புகை நாற்றம். அப்பா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து பானெட்டைத் திறக்கச் சொன்னார். காதைச் சாய்த்துக் கேட்டவர், "நாசில் உக்காருற எடத்துல லீக் ஆகுது அம்மிணி. கம்ப்ரஷன் வெளிய வருது. இப்பவே காட்டீரு, வாரண்டி இருக்குதில்ல" என்றார்.

அவர் சொன்னதைப் புரிந்துகொள்ள டீசல் இன்ஜினின் அடிப்படை கொஞ்சம் தெரிய வேண்டும். பெட்ரோல் இன்ஜினில் இருப்பதுபோல் இதில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றைப் பதினாறு, பதினேழு மடங்கு சுருக்கி, அந்தச் சூட்டிலேயே டீசலைப் பற்றவைக்கிறது. இன்றைய காமன் ரெயில் இன்ஜின்களில் டீசலைப் பீய்ச்சும் அழுத்தம் 1,600 பார் அளவுக்குப் போகும். பீய்ச்சும் இன்ஜெக்டர் சிலிண்டர் ஹெட்டுக்குள் இறங்கி உட்காரும் இடத்தில் ஒரு செம்பு வாஷர் உண்டு. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனம். இன்ஜெக்டரை இறுக்கும்போது அது நசுங்கி, வெடிக்கும் வாயு மேலே வராமல் அடைத்துக்கொள்ளும். ஒருமுறை நசுங்கியதை மறுபடி போடக்கூடாது. அது சரியாக உட்காரவில்லை என்றால் ஒவ்வொரு வெடிப்பிலும் கொஞ்சம் வாயு மேலே கசியும். கசிந்தது இன்ஜெக்டரைச் சுற்றித் தார்போலக் கட்டியாகும். சில இன்ஜின்களின் அமைப்பில் அந்தக் கரி ஆயிலிலும் கலக்கும். எங்கள் காரின் இன்ஜின் அந்த ரகம்.

சர்வீஸ் சென்டரில் அன்றைக்கு ஜாப் கார்டு போட்டது புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த ஒரு பெண். பழைய ஆளாக இருந்திருந்தால் "இன்ஜின் சத்தம், செக் செய்யவும்" என்று இரண்டு சொல்லில் முடித்திருப்பார். அந்தப் பெண் நான் சொல்லச் சொல்ல அப்படியே தட்டினாள்: காலையில் ஸ்டார்ட் செய்யும்போது சக் சக் சத்தம், ஏசியில் புகை நாற்றம், இன்ஜெக்டர் பக்கம் லீக் இருக்கலாம் என்று கஸ்டமர் சொல்கிறார். சாயங்காலம் வண்டி திரும்பி வந்தபோது அதற்கு நேராக ஒரு வரி இருந்தது: ஸ்கேன் செய்யப்பட்டது, எரர் கோடு இல்லை, ஓகே.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஸ்கேனரை நான் குறை சொல்லவில்லை. சென்சார் இருக்கும் இடத்தில் கோளாறு வந்தால் அது சொல்லும். வாஷருக்கு அடியில் சென்சார் இல்லை. இன்ஜின் மேலே இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்திருந்தால் கறுப்பாகத் தெரிந்திருக்கும். அதற்கு ஆகும் நேரம் ஒரு டீ குடிக்கும் நேரம்கூட இல்லை. அடுத்த வருட சர்வீஸிலும் இதே புகாரைச் சொன்னேன், எழுதினார்கள், அதே ஓகே போட்டார்கள்.

2021 தைப்பொங்கல் முடிந்து தங்கை வீட்டுக்குக் கிளம்பினோம். எக்ஸ்டெண்டட் வாரண்டி முடிய இன்னும் மூன்று மாதம் இருந்தது. சேலம் தாண்டி தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் விசில் மாதிரி ஒரு சத்தம் எழுந்து, ஊளையாக நீண்டு, சட்டென்று நின்றது. பின்னால் ஒரே வெள்ளைப் புகை. சிவப்பு ஆயில் விளக்கு எரிந்த அதே நொடியில் என் வீட்டுக்காரர் சாவியைத் திருப்பிவிட்டார். ஏற்றத்தில் லாரிகள் ஹாரன் அடித்தபடி எங்களைச் சுற்றிப் போயின. ரெக்கவரி வண்டி வரும்வரை பாறை ஓரம் நின்றோம். அந்தச் சாலையின் பெயரைச் சேலம், தர்மபுரிக்காரர்களிடம் சொன்னாலே போதும், எப்படி நின்றிருப்போம் என்பது புரியும்.

டர்போ என்பது வெளியேறும் புகையின் வேகத்தில் சுற்றும் ஒரு சிறு விசிறி. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் போகும். அந்தத் தண்டைத் தாங்குவது ஒரு மெல்லிய ஆயில் படலம்தான். ஆயில் வரத்து நின்றால் சில நொடியில் கதை முடிந்துவிடும். எங்கள் வண்டியில் ஆயில் அளவு சரியாக இருந்தது. குச்சியை உருவிப் பார்த்து என் கண்ணால் கண்டேன். அப்படியானால் ஆயில் ஏன் மேலே போகவில்லை?

பதில், ஆயில் தேங்கும் சம்ப்பைக் கழற்றியபோது தெரிந்தது. அடியிலிருந்து ஆயிலை உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு கம்பிவலை இருக்கும். அந்த வலையே தெரியவில்லை. அடிப்பிடித்த பால் சட்டியின் அடியைச் சுரண்டி அப்பியதுபோல் கரி. டர்போவுக்குப் போகும் மெல்லிய குழாயிலும் அதே கரி. நான்கு இன்ஜெக்டரில் இரண்டைச் சுற்றிக் கறுப்புப் பாறை. கிராங்கில் ஒரு பேரிங்கும் உரசியிருந்தது. அருகில் நின்ற மெக்கானிக் தம்பி மேனேஜர் அந்தப் பக்கம் போனதும் தாழ்ந்த குரலில், "இது ரெண்டு வருஷக் கரிங்கக்கா" என்றான். அதை அவனால் எழுதித்தர முடியாது என்பது எனக்குத் தெரியும், கேட்கவுமில்லை.

எஸ்டிமேட் 3,64,000 ரூபாய். பாதி இன்ஜினையும் டர்போவையும் புதிதாகப் போடும் கணக்கு. கவலை வேண்டாம், க்ளெய்ம் போட்டுவிடலாம் என்றார்கள். இன்ஜினைப் பிரிக்கச் சம்மதம் என்று கையெழுத்து வாங்கினார்கள். க்ளெய்ம் கிடைக்காவிட்டால் பிரித்த கூலி என் தலையில் என்பது அந்தத் தாளின் கடைசி வரி.

சில வாரம் கழித்து வாட்ஸ்ஆப்பில் பதில் வந்தது. எழுத்தில் கொடுங்கள் என்று அடம்பிடித்த பிறகு மின்னஞ்சல் அனுப்பினார்கள். சாரம் இதுதான்: இன்ஜின் கவர் ஆகும், டர்போ கவர் ஆகும். ஆனால் பழுதுக்கு மூலகாரணம் இன்ஜெக்டர் வாஷர். வாஷர், கேஸ்கட், ரப்பர் ஹோஸ், பெல்ட் எல்லாம் தேய்மானப் பொருள். வாரண்டி கணக்கில் வராது. கணக்கில் வராத பொருளால் கணக்கில் வரும் பொருளுக்குச் சேதம் வந்தால் அதுவும் கணக்கில் வராது.

அதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "அப்புறம் எதுதான் கணக்குல வரும் கண்ணு?" என்றார்.

இந்த விவகாரம் முழுவதிலும் அதைவிடச் சரியான கேள்வியை வக்கீல்கூடக் கேட்கவில்லை. இன்ஜின் சும்மா இருக்கும்போது தானாக உடைவதில்லை. ஒரு ஹோஸ் வெடித்துத் தண்ணீர் குறையும், ஹெட் வளையும். ஒரு பெல்ட் அறும், வால்வும் பிஸ்டனும் மோதும். ஒரு சீல் கசியும், பேரிங் போகும். நூறு, ஐம்பது ரூபாய்ச் சாமானில் தொடங்கி லட்சத்தில் முடிவதுதான் இன்ஜின் கோளாறின் வழக்கம். தொடங்குவதை எல்லாம் வெளியே தள்ளிவிட்டு முடிவதை மட்டும் உள்ளே வைத்து எழுதிய பத்திரத்தை நமக்கு விற்கிறார்கள். விற்கும்போது சொல்வது முடிவின் பட்டியலை. மறுக்கும்போது காட்டுவது தொடக்கத்தின் பட்டியலை. எங்கள் வண்டிக்கு வேண்டியிருந்த நான்கு வாஷரின் விலை மொத்தம் 300 ரூபாய்க்குள்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் பழகிய அலைச்சல். டீலரைக் கேட்டால் முடிவெடுப்பது வாரண்டி கம்பெனி என்பார். வாரண்டி கம்பெனியைக் கேட்டால் டீலர் கொடுத்த ரிப்போர்ட்டின்படிதான் என்பார்கள். கார் கம்பெனியைக் கேட்டால், எக்ஸ்டெண்டட் வாரண்டி எங்களுடையதே அல்ல, அது வேறு நிறுவனம் என்பார்கள். சான்றிதழில் பெரிதாக இருந்தது கார் கம்பெனியின் முத்திரை. வேறு நிறுவனத்தின் பெயர் அடியில், படிக்கக் கண்ணாடி வேண்டும். இதற்கிடையே வண்டி நிற்பதற்கு நாளொன்றுக்கு இவ்வளவு வாடகை என்று ஒரு மிரட்டல். பிறகு ஒரு "நல்லெண்ணச் சலுகை": உதிரிபாகத்தில் நாற்பது சதவீதம் தருகிறோம், இனி கோரிக்கை எதுவுமில்லை என்று கையெழுத்துப் போடுங்கள். நல்லெண்ணம் என்று அவர்கள் சொன்னால், தரக் கடமைப்படவில்லை என்று அர்த்தம். கையெழுத்துப் போடவில்லை.

வக்கீல் என்னுடன் பள்ளியில் படித்தவள். வந்து உட்கார்ந்ததும் சட்டம் பேசவில்லை, "ஜாப் கார்டெல்லாம் இருக்காடி?" என்றாள். இருந்தது. அப்பாவின் நீள நோட்டுப் பழக்கம் எனக்கும் ஒட்டியிருந்ததால் முதல் சர்வீஸிலிருந்து எல்லாத் தாளும் ஒரே ஃபைலில் தேதி வாரியாக இருந்தன. 2019 ஜனவரி ஜாப் கார்டைப் படித்தவள் இன்னொரு முறை படித்தாள். "இது எக்ஸ்டெண்டட் வாரண்டி சண்டையே இல்ல. கம்பெனி வாரண்டி இருக்கும்போதே நீ சொல்லியிருக்க. அவங்க சரி பண்ணல."

அவள் வேறு இரண்டு விஷயமும் சொன்னாள். விதிவிலக்கு என்று ஒன்றைக் காட்டிப் பணம் தர மறுப்பவர்தான் அந்த விதிவிலக்கு பொருந்துகிறது என்று நிரூபிக்க வேண்டும். இன்சூரன்ஸ் வழக்குகளில் உச்ச நீதிமன்றம் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறது. வாங்கும்போது காட்டாத விதியைப் பிறகு நீட்ட முடியாது என்பதும் அந்த வழக்குகளில் நிலைபெற்ற நெறி. வாரண்டி இன்சூரன்ஸ் அல்ல என்று எதிர்த்தரப்பு வாதிடும், வாதிடட்டும் என்றாள்.

வண்டியை அங்கேயே விட்டுவைத்தால் வாடகை ஏறும், சரிசெய்தால் சாட்சி அழியும். இதற்கும் அவளிடம் வழி இருந்தது. மூன்று தரப்புக்கும் பதிவுத் தபால் போட்டோம்: பதினைந்து நாளுக்குள் உங்கள் ஆளை அனுப்பி இன்ஜினைப் பாருங்கள், பிறகு வெளியே கொடுத்துச் சரிசெய்வோம். யாரும் வரவில்லை. ஓய்வுபெற்ற ஆட்டோமொபைல் பேராசிரியர் ஒருவர் வந்து பார்த்து, படம் எடுத்து, கரி எங்கிருந்து கிளம்பி எங்கே போய் அடைத்தது என்று நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தார். கழற்றிய சாமான் அத்தனையையும் அப்பா சாக்கில் கட்டி வாங்கி வந்தார். க்ளெய்ம் மறுத்துவிட்டால் பழைய உதிரிபாகம் நமக்குத்தான் சொந்தம். கேட்காவிட்டால் தர மாட்டார்கள்.

இன்ஜின் எங்கள் ஊர்ப் பட்டறைக்கே வந்தது. கிராங்க் கிரைண்டிங், பேரிங் செட், டர்போவுக்குப் புதுக் கார்ட்ரிட்ஜ், ஆயில் கூலர், ஆயில் குழாய்கள், இன்ஜெக்டர் உட்காரும் இடத்தைச் சீவிச் சுத்தம் செய்த கூலி, நான்கு வாஷர். மொத்தம் 1,42,000 ரூபாய், பில்லோடு. 3,64,000 என்று சொன்ன வேலை இது. பட்டறைக்கார அண்ணன் என்னைக் கூப்பிட்டு, வாஷர் உட்காரும் பள்ளத்தில் ஒரு ஓரமாக இருந்த பழைய கருகலைக் காட்டினார். "மொதல்லயே சரியா உக்காரலீங்க. இது ஓட்டுனதால வந்ததில்ல."

2020 ஜூலை 20ஆம் தேதி அமலுக்கு வந்த புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். முன்பு எதிர்த்தரப்பு இருக்கும் ஊருக்கோ விவகாரம் நடந்த ஊருக்கோ போக வேண்டும். எங்கள் வழக்குக்குக் கட்டணம் 200 ரூபாய். மூன்று பேரையும் எதிர்த்தரப்பாகச் சேர்த்தோம். ஒருவரை விட்டிருந்தாலும் மற்ற இருவரும் அவரைக் கைகாட்டியிருப்பார்கள்.

விசாரணை இழுத்தது. கொரோனா, வாய்தா, எதிர் வக்கீலுக்கு உடம்பு சரியில்லை, உறுப்பினர் பதவி காலி. அதை விவரிக்க ஒன்றுமில்லை. ஒரு நாள் மட்டும் நினைவிருக்கிறது. கலப்பட டீசல் போட்டிருப்பார்கள் என்று எதிர்த்தரப்பு புதிதாக ஒரு கதையைக் கொண்டுவந்தது. ஆணையத் தலைவர் மறுப்பு மின்னஞ்சலைக் கையில் எடுத்து, "வாஷர்னு எழுதியிருக்கீங்களே, இதுல டீசல் எங்க இருக்கு?" என்று கேட்டார். பிறகு ஜாப் கார்டைப் படித்தார். அந்தப் பெண் தட்டிய வரியை வாய்விட்டு முழுதாகப் படித்தார். எதிர் வக்கீல் அடுத்த வாதத்துக்குப் போய்விட்டார்.

2023இல் உத்தரவு வந்தது. டீலரும் வாரண்டி கம்பெனியும் சேர்ந்து 1,42,000 ரூபாயை 9 சதவீத வட்டியோடு தர வேண்டும். மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் தனியாக 50,000. வாரண்டி காலத்தில் சொன்ன புகாரைச் சரிசெய்யாதது சேவைக் குறைபாடு என்பது காரணம். கார் கம்பெனி மீதான புகார் தள்ளுபடி. எனக்கு அது இன்றும் ஒப்பவில்லை. வாஷரைச் சரியாக உட்கார வைக்காமல் இன்ஜினை அனுப்பியவர் யாரோ, அவர் மட்டும் நஷ்டமில்லாமல் வெளியேறினார். மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்ய வேண்டுமானால் உத்தரவான தொகையில் பாதியை முதலில் கட்ட வேண்டும். எதிர்த்தரப்பு கணக்குப் பார்த்திருக்கும்; பணத்தையே கொடுத்துவிட்டது.

வண்டி இன்றும் எங்களிடம்தான் ஓடுகிறது.

இதைப் படிக்கிறவர்களில் வண்டி வைத்திருப்பவர்கள் இரண்டு காரியம் செய்யுங்கள். சர்வீஸுக்கு விடும்போது நீங்கள் சொன்ன குறை நீங்கள் சொன்ன வார்த்தையிலேயே ஜாப் கார்டில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். எக்ஸ்டெண்டட் வாரண்டி விற்க வருகிறவரிடம் எது கவர் ஆகும் என்று கேட்காதீர்கள். எது ஆகாது என்ற பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் அந்த 21,000 ரூபாயை உங்கள் பாங்கிலேயே போட்டுவையுங்கள்.